கதகதப்பான மாவும் குளிர்ந்த மாவும்

ஃபின்லாந்தின் புல்லாவையும் டென்மார்க்கின் வீனர்புரோவையும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே இனமாகப் பாவித்துப் பேசுகிறார்கள். வட ஐரோப்பாவில் காபியோடு உண்ணப்படும், ஏலக்காயோ பட்டையோ மணக்கும் இனிப்புப் பண்டங்கள் என்ற அளவில் அதில் தவறில்லை. ஆனால் இரண்டையும் வீட்டில் செய்து பழகுகிறவருக்கு, மாவில் கைவைத்ததும் வேறுபாடு தெரிந்துவிடும். புல்லா மாவு பிசைபவரின் கையளவுக்குக் கதகதப்பாக இருக்க வேண்டும்; வீனர்புரோ மாவு தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். முன்னதில் வெண்ணெய் மாவோடு கலந்து அடையாளம் தெரியாமல் மறைய வேண்டும். பின்னதில் அது ஓவனுக்குள் நுழையும் வரை மாவோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்க வேண்டும். ஒரே மாவு, ஒரே வெண்ணெய், ஒரே ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு இவ்வளவு எதிரெதிரான இரண்டு வேலைகளை இரு நாடுகளும் எப்படித் தேர்ந்தன என்பது என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, இப்போது ஃபின்லாந்தின் தாம்பெரே நகரில் குடியிருக்கிறேன். இரு நாடுகளிலும் வீட்டில் மாவு பிசைந்து பார்த்ததில் நான் வந்தடைந்த கருத்து இதுதான்: ஃபின்லாந்தின் பண்டங்களில் பெரும்பாலானவை வீட்டு அடுப்பில் பிறந்தவை, டென்மார்க்கின் புகழ்பெற்ற பண்டங்களோ பேக்கரித் தொழிலாளர்களின் மேசையில் பிறந்தவை. எது எங்கே பிறந்தது என்பதைப் புரிந்துகொண்டால், அதன் செய்முறை ஏன் அப்படி இருக்கிறது, எங்கே நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், எங்கே ஒரு டிகிரி கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தாமாகவே விளங்கும்.

முதலில் புல்லா. இதன் அளவுகளை ஃபின்லாந்தில் ஏறக்குறைய எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: 5 டெசிலிட்டர் பால், 50 கிராம் ஈஸ்ட் கட்டி ஒன்று, ஒரு முட்டை, 2 டெசிலிட்டர் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி ஏலக்காய், 150 முதல் 200 கிராம் வெண்ணெய், பிறகு மைதா ஏறத்தாழ ஒரு கிலோ. அந்த 'ஏறத்தாழ' என்பதுதான் இந்தச் செய்முறையின் உயிர். அரை லிட்டர் பால் என்பது மாறாது. ஈஸ்ட் கடையில் 50 கிராம் கட்டியாகவே வருவதால் அதுவும் மாறாது. மாவு மட்டும் கை கேட்கும் அளவுக்குச் சேர்க்கப்படுகிறது. எடை பார்க்கும் தராசு இல்லாமலேயே டெசிலிட்டர் அளவைக் குவளையை வைத்து முழுவதையும் செய்து முடித்துவிடலாம். உலர் ஈஸ்ட் பயன்படுத்துகிறவர்கள் அந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் போதும்.

பாலை 37 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். விரலை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. அதில் ஈஸ்ட்டைக் கரைத்து, சர்க்கரை, உப்பு, ஏலக்காய், முட்டை சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக்கொண்டே பிசைய வேண்டும். மென்மையான வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கோதுமையின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொண்ட பிறகுதான் கொழுப்பு உள்ளே வர வேண்டும். முன்கூட்டியே வந்தால் அது மாவுத் துகள்களைப் பூசி மூடி அந்தப் பின்னலைத் தடுத்துவிடும். வெண்ணெய் சேர்த்ததும் மாவு வழுவழுப்பாகிக் கிண்ணத்தின் சுவரிலிருந்தும் கையிலிருந்தும் விலகி வருகிறது. அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் மாவு போட்டால் உருட்ட எளிதாக இருக்குமே என்று தோன்றும். அப்படிப் போட்ட மாவு மறுநாள் உலர்ந்த புல்லாவாகத் திரும்பி வரும். துணி மூடி, காற்றோட்டம் இல்லாத இடத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரு மடங்காகிவிடும். மூன்று அல்லது நான்கு இழைகளாகப் பின்னினால் அது பித்கோ எனப்படும் நீண்ட பின்னல் ரொட்டி. உருண்டைகளாக்கி நடுவில் குழி செய்து, அதில் வெண்ணெயும் சர்க்கரையும் வைத்தால் இன்னொரு வகை. உருட்டிய பிறகு மறுபடியும் உப்பவிட்டு, மேலே முட்டை தடவி, 225 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் சுட்டால் போதும். பெரிய பின்னலுக்கு மட்டும் 200 டிகிரியும் கூடுதல் நேரமும் தேவை.

ஒரு கிலோ மாவுக்கு இங்கே வேறு வழியில்லாமல் ஒரு பெரிய குவியல் பண்டம் வந்துவிடுகிறது. இரண்டு பேர் உள்ள வீட்டிலும் இதே அளவில்தான் பிசைகிறார்கள். பாதி உறைபெட்டிக்குப் போகும். யாராவது வீட்டுக்கு வந்தால் அதிலிருந்து எடுத்துச் சூடாக்கிக் காபியோடு வைப்பார்கள். உலகில் தலைக்கு மிக அதிகமாகக் காபி குடிக்கும் நாடுகளில் ஒன்றான ஃபின்லாந்தில், காபி இருந்து புல்லா இல்லாத வீடு விருந்தினருக்குத் தயாராக இல்லாத வீடாகவே ஒரு காலத்தில் கருதப்பட்டது. வீட்டுச் சமையலைப் பரப்புவதையே பணியாகக் கொண்ட மார்த்தா அமைப்பு, லூசினா ஹாக்மன் என்ற கல்வியாளரால் 1899-இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கிவருகிறது. பேக்கரிக்காரர் கற்றுத் தர வேண்டிய கலையாக அல்லாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய அறிவாகப் பேக்கிங் இந்த நாட்டில் நிலைத்ததில் இத்தகைய அமைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

ஏலக்காயைப் பற்றிச் சொல்லாமல் புல்லாவைக் கடந்துபோக எனக்கு மனம் வராது. ஏலக்காயின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் இன்றும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. அந்த மலையடிவாரத்தில் பாயசத்துக்கும் கேசரிக்கும் இரண்டு மூன்று காயைத் தட்டிப் போட்டு, மணம் பின்னணியில் இருந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறோம். அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, ஏலச்செடி ஒருநாளும் முளைக்க முடியாத மண்ணில், ஒரு மேசைக்கரண்டி நிறைய ஏலக்காயைக் கொட்டிப் பிசைகிறார்கள். புல்லாவில் ஏலக்காய் துணைமணம் அல்ல, அதுதான் சுவை. நயமாக அரைத்த தூளை நான் பயன்படுத்துவதில்லை. விதைகளைத் தனியே எடுத்து உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால், ரொட்டியைக் கடிக்கும்போது அங்கங்கே கறுப்புத் துணுக்குகள் அகப்பட்டு மணம் புதிதாக எழும். தோலோடு அரைத்த தூளில் நார்தான் மிஞ்சும். ஊரிலிருந்து யாராவது வரும்போது நான் கேட்டு வாங்கும் முதல் பொருள் முழுக் காயாக உள்ள பச்சை ஏலக்காய்.

இதே மாவைச் செவ்வகமாகத் தேய்த்து, மென்மையான வெண்ணெய் பூசி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிச் சுருட்டினால் கோர்வாபூஸ்தி ஆகிறது. சுருளை நேராக வெட்டாமல், கத்தியை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் சாய்த்து வெட்ட வேண்டும். கிடைக்கும் துண்டுகளின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். குறுகிய பக்கம் மேலே வருமாறு நிறுத்தி, நடுவில் விரலால் அல்லது மரக்கரண்டியின் காம்பால் தட்டின் அடிவரை அழுத்தினால், இருபுறமும் சுருள்கள் விரிந்துகொள்ளும். தயங்கித் தயங்கி அழுத்தினால் ஓவனில் உப்பும்போது மறுபடி மூடிக்கொள்ளும். ஒரே அழுத்தாக அழுத்திவிடுவதே நல்லது. மேலே முட்டை தடவி, ஓவனில் உருகாத கட்டிச் சர்க்கரை மணிகளைத் தூவுகிறார்கள். ஹெல்சிங்கி காபிக்கடைகளில் விற்கப்படும் கோர்வாபூஸ்தி ஒரு தட்டையே மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். வீட்டில் செய்வது அதில் பாதிகூட இருக்காது. ஓரம் மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும் அந்தச் சிறிய அளவுதான் எனக்குப் பிடித்தது.

ஃபின்லாந்தின் வீட்டுப் பண்டங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இனிப்பே இல்லாத ஒன்று: கார்யாலன்பீராக்கா, அதாவது கரேலியப் பீராக்கா. ரை என்ற தானியத்தின் மாவில் மெல்லிய தகடு, அதன்மேல் பாலில் வெந்த அரிசிக் கஞ்சி, ஓரங்களில் விரலால் சுருக்கிய மடிப்புகள். அரிசி வருவதற்கு முன் வாற்கோதுமைக் கஞ்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் உள்ளே வைக்கப்பட்டன. இது கிழக்கே இருந்த கரேலியப் பகுதியின் உணவு. 1939-40 குளிர்காலப் போரிலும் அதைத் தொடர்ந்து 1944 வரை நடந்த போரிலும் அந்த நிலத்தின் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்தின் வசம் போனது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டுவந்து ஃபின்லாந்தின் பிற பகுதிகளில் குடியமர்ந்தார்கள். அவர்களோடு இந்தப் பண்டமும் நாடெங்கும் பரவியது. நிலத்தையும் வீட்டையும் அந்த வீட்டின் பெரிய கல்லடுப்பையும் விட்டுவிட்டு வந்தவர்கள், விரல்களில் இருந்த மடிப்பை மட்டும் விடாமல் கொண்டுவந்தார்கள் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஈழத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களை டென்மார்க்கில் அறிந்தவர்களுக்கு, இதைத் தனியாக விளக்கத் தேவையிருக்காது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் குடியிருப்பில் வாழும் ஒரு மூதாட்டி. அவருடைய பெற்றோர் கரேலியாவிலிருந்து வந்தவர்கள். 2 டெசிலிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 4 டெசிலிட்டர் ரை மாவு, ஒரு டெசிலிட்டர் மைதா என்பது அவருடைய கணக்கு. ரை மாவில் கோதுமையைப் போல இழுபடும் பசை உருவாவதில்லை. அதனால் இந்த மாவை இழுக்க முடியாது, தேய்க்கத்தான் முடியும். நடுவில் பருத்து இருமுனையும் மெலிந்த புலிக்கா என்ற சிறு கட்டையால், நிறைய மாவு தூவி, தகட்டைச் சுழற்றிக்கொண்டே தேய்க்கிறார்கள். தகட்டைத் தூக்கிப் பிடித்தால் அதன் ஊடே சன்னல் வெளிச்சம் தெரிய வேண்டும் என்பது அந்த அம்மையார் வைத்த அளவுகோல். பூரிக்கட்டை பழகிய கைக்கு இது சீக்கிரமே வசப்படும்.

கஞ்சிக்கு 2 டெசிலிட்டர் குட்டை அரிசியை 3 டெசிலிட்டர் தண்ணீரில் வேகவிட்டு, நீர் வற்றியதும் 7 டெசிலிட்டர் பால் ஊற்றி, மிகக் குறைந்த தீயில் முக்கால் மணி நேரம் விட வேண்டும். கஞ்சி கெட்டியாகவும் முழுக்க ஆறியும் இருக்க வேண்டும். சூடான கஞ்சி மெல்லிய தகட்டை ஊறவைத்துக் கிழித்துவிடும். ஓரத்தில் இரண்டு விரற்கடை விட்டு நடுவில் பரப்பி, இரு பக்கங்களையும் மேலே மடித்து, இரண்டு கைகளின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொண்டு நடுவிலிருந்து முனைவரை சுருக்க வேண்டும். ஓவன் எவ்வளவு சூடாக முடியுமோ அவ்வளவு சூடாக, 275 முதல் 300 டிகிரி வரை இருக்கலாம். குறைந்த சூட்டில் நேரம் நீண்டால் தகடு விறைத்துக் கஞ்சி வறண்டுபோகும். பழைய கல்லடுப்பின் கடுஞ்சூட்டுக்கென உருவான பண்டம் இது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் கஞ்சியின் மேல் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வெளியே எடுத்தவுடன் உருகிய வெண்ணெயும் சுடு பாலும் கலந்த கலவையை மேலே பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியால் மூடிவிட வேண்டும். அந்த நீராவியில்தான் விறைத்த தகடு மெத்தென்று ஆகிறது. அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கி வெண்ணெயோடு பிசைந்து மேலே வைத்து உண்கிறார்கள். 2003-இல் இதன் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் பாரம்பரிய உணவுக்கான பாதுகாப்பு வழங்கியது. வரையறுத்த முறையில் செய்யப்படாதவற்றை அந்தப் பெயரில் விற்க முடியாது என்பதால், கடைகளில் பல அரிசிப் பீராக்கா என்ற பெயரோடு கிடக்கின்றன. கடையில் வாங்குவது பசிக்கு உதவும், அவ்வளவுதான். வீட்டில் அடுக்கி மூடிய அந்தக் கதகதப்பு ஆறுவதற்குள் உண்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

இனி டென்மார்க். 1850-இல் டென்மார்க்கின் பேக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றும், முதலாளிகள் வெளிநாடுகளிலிருந்து, குறிப்பாக ஆஸ்திரியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள் என்றும், அவர்கள் தங்கள் ஊர் அடுக்கு மாவைக் கொண்டுவந்தார்கள் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. டேனியர்கள் அதில் முட்டையையும் வெண்ணெயையும் கூட்டித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வீனர்புரோ என்றால் வியன்னா ரொட்டி; ஆஸ்திரியத் தலைநகரின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. ஆக, வீனர்புரோவின் பிறப்பிலேயே கூலியும் தொழிலும் கைத்திறனும் இருக்கின்றன. ஒரு பாட்டியின் சமையலறை அதில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் அளவைப் பாருங்கள்: 400 கிராம் மாவு, 2 டெசிலிட்டர் பால், ஒரு முட்டை, 25 கிராம் ஈஸ்ட், 25 கிராம் சர்க்கரை, சிறிது உப்பு, இவற்றோடு 300 கிராம் வெண்ணெய். புல்லாவில் மாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாத வெண்ணெய், இங்கே முக்கால் பங்காக நிற்கிறது. இங்கே 'ஏறத்தாழ' என்பதற்கு இடமில்லை, தராசு வேண்டும்.

பால் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சில்லென்று இருக்க வேண்டும். மாவை அதிகம் பிசையக் கூடாது. எல்லாம் ஒன்றுசேர்ந்தால் போதும், ஏனென்றால் மீதிப் பிசைதலை மடிப்புகளே செய்துவிடுகின்றன. மாவைக் குளிரில் ஓய்வெடுக்க விட்டு, வெண்ணெயை இரண்டு தாள்களுக்கு நடுவே தட்டிச் சதுரமாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது: வெண்ணெயும் மாவும் ஒரே அளவு மென்மையில் இருக்க வேண்டும். வெண்ணெய் மாவைவிடக் கடினமாக இருந்தால் உருட்டும்போது உள்ளே துண்டுதுண்டாக உடைந்து மாவைக் கிழிக்கும். மாவைவிட மென்மையாக இருந்தால் ஓரங்களில் பிதுங்கி மாவுக்குள் ஊறிவிடும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. பிறகு வெண்ணெயை மாவுக்குள் பொதிந்து, நீளமாகத் தேய்த்து, கடிதம் மடிப்பதுபோல மூன்றாக மடிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் குளிரில் வைத்து, மறுபடி தேய்த்து மறுபடி மூன்றாக மடித்து, இப்படி மூன்று முறை. மூன்றின் மூன்று மடங்கு, அதன் மூன்று மடங்கு என வெண்ணெய் 27 அடுக்குகளாகிறது.

ஓவனில் நடப்பது எளிய இயற்பியல். வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர். அது நீராவியாகி மேலடுக்கைத் தூக்குகிறது. அதே வேளையில் ஈஸ்ட் விட்ட வாயுவும் ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் விரிகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் வெளியே நொறுங்கி உள்ளே ரொட்டியாக மெத்தென்று இருக்கும் அந்தத் தன்மையைத் தருகின்றன. ஆகவே வடிவம் கொடுத்த பிறகு உப்பவிடும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டும்போது உருகத் தொடங்கிவிடும். அதற்கு வெகுமுன்பே இளகிவிடும். புல்லாவை வைக்கும் கதகதப்பான மூலையில் வீனர்புரோவை வைத்தால் 27 அடுக்குகளும் ஒன்றாகி, தட்டில் நெய்க்குளம்தான் மிஞ்சும். 25 டிகிரியை ஒட்டிய அறை போதும். பொறுமைதான் கூடுதலாக வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதைச் செய்ய விரும்புகிறவர்கள் விடியற்காலையில் தொடங்கி, ஒவ்வொரு மடிப்புக்கும் அரை மணி நேரம் குளிரில் வைத்து, வடிவம் கொடுத்தவற்றைக் குளிரூட்டிய அறையில் உப்பவிடுவது நல்லது. புல்லா அந்த வெப்பத்தில் மகிழ்ச்சியாக உப்பும், அதற்கு எந்த ஏற்பாடும் வேண்டியதில்லை.

உள்ளே வைக்கும் ரெமோன்ஸ் என்ற பூரணம் டேனியர்களின் தனிச்சொத்து என்றே சொல்வேன். வெண்ணெய், சர்க்கரை, பாதாம் விழுதான மார்சிபான் மூன்றையும் சம எடையில் குழைத்தால் முடிந்தது. மாவைப் பத்து சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, நடுவே ரெமோன்ஸ் வைத்து, நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்து அழுத்தி, மேலே கெட்டியான வனிலா கஸ்டர்ட் வைத்தால் அது ஸ்பான்டவர். நீளப் பட்டையாகத் தேய்த்து ரெமோன்ஸ் பூசி மடித்து வெட்டி, மேலே கசகசா அப்பினால் டேபியர்கஸ். அங்கே பயன்படுவது நம் வெள்ளைக் கசகசா அல்ல, நீலம் கலந்த கருநிறம். வாணலியில் வறுக்காமலேயே ஓவன் சூட்டில் அது வறுபட்டு மணக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் நான் டேபியர்கஸின் பக்கம். இனிப்பு உள்ளே மறைந்திருக்க, மேலே கசகசாவின் இளங்கசப்பு முதலில் நாவில் படுவது அழகு. இவற்றை 210 டிகிரியில் பதினைந்து நிமிடங்கள் வரை, நன்றாகப் பழுப்பாகும்வரை சுட வேண்டும். வெளிறிய வீனர்புரோ வேகாத வீனர்புரோதான்.

ஆனால் டென்மார்க்கில் என் அண்டை வீட்டார் யாரும் வாரந்தோறும் வீனர்புரோ செய்யவில்லை. ஞாயிறு காலையில் பேக்கரிக்குப் போய் வாங்கி வந்தார்கள். கிரிங்லெ என்ற முடிச்சு ரொட்டியின் பொன்னிற உருவமும் அதன்மேல் கிரீடமும் தொங்கும் கடைகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. புதன்கிழமைகளில் பெரிய பட்டைச் சுருள்களைக் குறைந்த விலைக்கு விற்கும் வழக்கமும் பல கடைகளில் இருக்கிறது. வீட்டில் அவர்கள் செய்வது வேறு. ஃபியூன் தீவின் புருன்ஸ்வீயர் அதில் முதன்மையானது: மெத்தென்ற ஈஸ்ட் மாவைத் தட்டில் பரப்பி, விரல்களால் குழிகள் அழுத்தி, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றிச் சுடுவது. குழந்தைகளின் பிறந்தநாளில் அதை மனித உருவமாக வெட்டி மிட்டாய்களால் அலங்கரிப்பார்கள். டிசம்பரில் செய்யும் ஏப்லெஸ்கீவர் இன்னொன்று. குழிகள் கொண்ட இரும்புச் சட்டியில் மோர் சேர்த்த மாவை ஊற்றி, ஊசியால் திருப்பித் திருப்பி உருண்டையாக்குவது. நம் பணியாரச் சட்டிக்கும் அந்தச் சட்டிக்கும் குழியின் ஆழத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லை; பணியாரம் திருப்பத் தெரிந்தவருக்கு அதில் கற்க ஒன்றுமில்லை.

தெற்கு யூட்லாந்தில் வீட்டுப் பேக்கிங் அரசியலாகவே இருந்த காலம் உண்டு. 1864 போரில் டென்மார்க் தோற்றபின் அந்தப் பகுதி ஜெர்மானிய ஆட்சிக்குள் போய், 1920-இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் அதன் வடபகுதி திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் டேனிய உணர்வுள்ளவர்கள் கூடிய மண்டபங்களுக்கு மது விற்க உரிமம் மறுக்கப்பட்டது. மதுவின் இடத்தைக் காபி பிடித்தது. காபியோடு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்து வைத்தார். மென்மையானவை ஏழு, மொறுமொறுப்பானவை ஏழு என்று இன்றும் அந்தக் காபி மேசைக்குக் கணக்குச் சொல்கிறார்கள். ரை ரொட்டித் தூளில் செய்து, பாலாடையும் பிளாக்கரன்ட் என்ற கறுப்புப் பெர்ரியின் ஜாமும் அடுக்கிய கேக் அதில் கட்டாயம் இருக்கும். கடையின் நாடு என்று நான் சொல்லும் டென்மார்க்கிலேயே, கூடுவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது வீட்டு ஓவன்கள் பேசின.

வீட்டுக்கும் கடைக்கும் இடையிலான இந்த எல்லை ஒரே பண்டத்துக்குள்ளும் ஓடுவதுண்டு. ஃபின்லாந்தின் தேசியக் கவிஞர் யோஹான் லுட்விக் ரூனபெரி போர்வோ நகரில் வாழ்ந்தவர். அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 5-ஐ ஒட்டி, உருளை வடிவச் சிறு கேக்குகள் நாடெங்கும் விற்கப்படுகின்றன. பாதாமும் ஏலக்காயும் ரொட்டித் தூளும் சேர்த்துச் சுட்டு, சர்க்கரைப் பாகும் ரம்மும் ஊறவைத்து, உச்சியில் ராஸ்பெர்ரி ஜாமும் அதைச் சுற்றி வெள்ளைச் சர்க்கரை வளையமும் வைப்பார்கள். வீட்டில் மிஞ்சிய பண்டத் துணுக்குகளைக் கொண்டு கவிஞரின் மனைவி ஃபிரெட்ரிகா இதை உருவாக்கினார் என்பது மக்கள் விரும்பும் கதை. அவரும் ஓர் எழுத்தாளர், 1850-களைச் சேர்ந்த அவருடைய சமையற்குறிப்பேட்டில் செய்முறை இருக்கிறது. அதற்கு முன்பே போர்வோவில் லார்ஸ் அஸ்தேனியுஸ் என்ற இனிப்புக்கடைக்காரர் இதைச் செய்தார் என்றும் சொல்கிறார்கள். செய்து பார்த்த அளவில், பழைய பிஸ்கட்டையும் உலர்ந்த ரொட்டியையும் பொடித்துச் சேர்க்கும் அந்தச் சிக்கனம் ஒரு வீட்டுக்காரியின் மூளையாகவே எனக்குத் தோன்றுகிறது. உருளை வடிவமும் உச்சியில் உள்ள அந்த நேர்த்தியான வளையமும் கடைக்காரரின் கை.

கடைசியாக, எடுத்துவைப்பதைப் பற்றி. புல்லாவைச் சுட்ட அன்றே, முழுக்க ஆறியதும் பையிலிட்டு உறையவைத்தால் பல வாரங்கள் கெடாது. வீனர்புரோவை அப்படிச் செய்தால் அடுக்குகள் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். வடிவம் கொடுத்த உடனே, உப்புவதற்கு முன் உறையவைத்து, முந்தைய இரவு குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி, காலையில் உப்பவிட்டுச் சுடுவதே வழி. சுட்ட வீனர்புரோவின் ஆயுள் ஒரு பகல்தான். உலர்ந்த புல்லாவுக்கோ இரண்டாவது வாழ்வே இருக்கிறது: துண்டுகளாக்கி நூறு டிகிரி ஓவனில் உலர்த்தினால் காபியில் தோய்த்து உண்ணும் ரஸ்க், பாலும் முட்டையும் கலந்ததில் ஊறவைத்து வெண்ணெயில் இருபுறமும் பொரித்தெடுத்து, ஸ்ட்ராபெர்ரி ஜாமும் அடித்த கிரீமும் வைத்தால் ஒரு முழு இனிப்பு உணவு. இதற்கென்றே நான் பித்கோவில் ஒரு பாதியை இரண்டு நாள் மூடாமல் வைத்துவிடுகிறேன். துண்டு இரண்டு சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். பாலில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம். ஏலக்காய் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், வேறு எந்த மணமும் சேர்க்கத் தேவையில்லை.